வெள்ளிக்கிழமைச் சொற்கள்: மணலிலிருந்து இம்போசிஷன் வரை

இந்திய நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இன்று வியாழக்கிழமை மாலையில் ஒரே காட்சியைக் காணலாம். இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும் குழந்தை ஒன்று நான்கு கோட்டு நோட்டை விரித்துவைத்துப் பத்து ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றும் பத்து முறை எழுதிக்கொண்டிருக்கும். மறுநாள் டிக்டேஷன். மூன்றாவது, நான்காவது முறைக்குமேல் அக்குழந்தை சொல்லை எழுதுவதே இல்லை. முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரிக்கும் இட்டு முடிக்கும். அதன்பின் இரண்டாம் எழுத்தை அவ்வாறே இறக்கிக்கொண்டு வரும். எழுதும் கைக்கு அது எளிது. பக்கம் நிரம்பிவிடும், கையெழுத்தும் அழகாக இருக்கும், பெற்றோரும் மனநிறைவு அடைவர். மறுநாள் அதே சொல் பிழையாகும். பிழைக்குத் தண்டனையாக இருபத்தைந்து முறை இம்போசிஷன் வரும். அதையும் குழந்தை அதே முறையில்தான் எழுதி முடிக்கும்.

இவ்வழக்கம் தொன்றுதொட்டு வருவது போலத் தோன்றினாலும் அதன் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பிறந்த நாள் உண்டு. சொற்பட்டியல் ஓரிடத்திலிருந்து வந்தது, எழுத்துப் பெயர்களை இராகமாக ஒப்பிப்பது வேறோரிடத்திலிருந்து வந்தது, பலமுறை எழுதுவது மற்றோரிடத்திலிருந்து வந்தது. இவ்வரலாற்றின் நடுவில் சென்னை எழும்பூர் நிற்கிறது என்பது பலரும் அறியாதது.

ஸ்பெல்லிங் என்பது தொடக்கத்தில் எழுத்துவேலைக்கான பாடமே அன்று. அது வாசிப்பு கற்பிக்கும் முறை. எட்மண்ட் கூட் என்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் 1596இல் வெளியிட்ட நூல் முதலாக, தாமஸ் டில்வொர்த்தின் 1740ஆம் ஆண்டு நூல், அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்டு நீல அட்டையால் பெயர்பெற்ற நூல் வரை எல்லாவற்றிலும் ஒரே படிமுறைதான். குழந்தை முதலில் எழுத்தின் பெயரைச் சொல்லும், பிறகு இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அசையைச் சொல்லும், பிறகு அசைகளைச் சேர்த்துச் சொல்லைச் சொல்லும். தமிழில் ‘எழுத்துக்கூட்டி வாசித்தல்’ என்கிறோமே, ஆங்கிலத்தில் ‘ஸ்பெல்’ என்ற வினைக்கும் அன்று ஏறத்தாழ அதுவே பொருள். ‘சி ஏ டி கேட்’ என்று நம் வகுப்பறைகளில் இன்றும் எழும் கூட்டுக்குரல் அந்த நூல்களின் எதிரொலி. வாசிப்பதற்காகத் தோன்றிய ஓசையை எழுதுவதற்கான மருந்தாகவும் கொடுத்ததிலிருந்து சிக்கல் தொடங்கியது.

தமிழில் எழுத்துக்கூட்டினால் சொல் வந்துவிடும். ‘ப’, ‘ட’, ‘ம்’ என்ற மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னால் ‘படம்’ கேட்கும். ஆங்கிலத்தில் ‘சி’, ‘ஏ’, ‘டி’ என்ற மூன்று பெயர்களை எவ்வளவு விரைவாகச் சொன்னாலும் ‘கேட்’ கேட்பதில்லை. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. அதற்கு மேலும் அம்மொழியின் வரலாறு ஒரு சுமையை ஏற்றிவைத்திருக்கிறது. காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த காலத்தில் அதன் உயிரொலிகள் இடம்மாறிக்கொண்டிருந்தன. அச்சு எழுத்துருவை நிலைநிறுத்தியது, ஒலி தன் போக்கில் சென்றது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் ஒலிக்காத ‘பி’ நிற்பதற்குக் காரணம், அதன் இலத்தீன் மூலத்தை நினைவூட்ட விரும்பிய கற்றோர் அதைப் பின்னாளில் செருகியதே. கற்றோரின் அந்தப் பெருமிதத்துக்கான வட்டியை இன்று எட்டு வயதுக் குழந்தைகள் செலுத்துகிறார்கள்.

இனி எழும்பூர். ஸ்காட்லாந்தில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் மேற்பார்வையாளரானார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்து தந்தையற்றுப்போன, பெரும்பாலும் இந்தியத் தாய்மாரின் பிள்ளைகள் அங்கு இருந்தனர். அவர்களுக்கு அகரவரிசையைக் கற்பிக்கவே உதவியாசிரியர்கள் மாதக்கணக்கில் திணறினார்கள். ஒரு நாள் காலை குதிரையில் செல்லும்போது, பெல் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் ‘மலபார்’ என்றே குறித்தனர். ஆகவே அது ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளி. பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தனர்.

பெல் இம்முறையைத் தம் காப்பகத்தில் புகுத்த முயன்றபோது உதவியாசிரியர்கள் உடன்படவில்லை. மணலில் எழுத்துக் கற்பிப்பது இயலாது என்றார்கள். தங்கள் தகுதிக்கு அது இழுக்கு என்றும் எண்ணியிருக்கக்கூடும். அப்போது பெல் ஒரு முடிவெடுத்தார். கடைசி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடமே ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர்கள் முடியாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். அதன்பின் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவன் தலைவனானான். 1796இல் இந்தியாவை விட்டுச் சென்ற பெல், மறு ஆண்டே இச்சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயருடன் அது உலகெங்கும் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவரது சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றுதான் பெயர்.

மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பது பெல்லின் கண்டுபிடிப்பு என்று அவருடைய ஆதரவாளர்கள் வாதிட்டனர். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இந்த வாதம் வியப்பளிக்கும். பெல்லுக்கு 160 ஆண்டுகளுக்கும் முன்பே, 1623இல், இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே கேளடி நாயக்கர்களின் தலைநகரான இக்கேரியில் ஒரு காட்சியைக் கண்டு எழுதிவைத்தார். இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்க மாவட்டத்தில் உள்ள ஊர் அது. ஒரு கோயில் மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் அமர்ந்து கணக்குப் படித்துக்கொண்டிருந்தனர். தரையில் மெல்லிய மணல் பரப்பியிருந்தது. ஒருவன் பாடத்தை இராகத்தோடு சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினான். மற்ற மூவரும் அதையே பாடி, அதையே எழுதினர். மணல் நிரம்பியதும் கையால் துடைத்துவிட்டு, வேண்டுமானால் புதிதாகத் தூவிக்கொண்டு, மீண்டும் தொடங்கினர். அருகில் ஆசிரியர் எவரும் இல்லை. மறந்துவிட்டால் யார் திருத்துவார் என்று அவர் கேட்டார். நால்வரும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் மறப்பது நடக்காது என்று சிறுவர்கள் விடையளித்தார்கள்.

அந்த விடையில் ஒரு கல்வி முறையின் எந்திரமே அடங்கியிருக்கிறது. அங்கே பார்த்து எழுதுவதற்கு எதுவும் இல்லை. நினைவிலிருந்துதான் வர வேண்டும். பிழை வந்தால் அடுத்த நொடியே பக்கத்துப் பையனின் விரல் அதைக் காட்டிவிடும். திருத்திய பின் மணல் துடைக்கப்படும். மறுபடி நினைவிலிருந்தே எழுத வேண்டும்.

பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823இல் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கையும் இத்துடன் சேர்த்து வாசிக்கத்தக்கது. நாட்டுப் பள்ளிகளில் சிறு செலவில் எழுத்துக் கற்பிக்கும் முறையையும் மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் அவர் பாராட்டினார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றார். ஆனால் அதே அறிக்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் மரியாதையாகச் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழியம். அவன் புகழுக்கும் உரியவன் அல்லன், இகழுக்கும் உரியவன் அல்லன். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வரும் ஒவ்வொருவனுக்கும் ஓரடி கூடுதல். கடைசியில் வரும் பிள்ளை எத்தனை அடி வாங்கியிருப்பான் என்பதைக் கேம்பெல் கணக்கிடவில்லை.

எனவே திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிப் பேசுவோர் சற்று நிதானிக்க வேண்டும். அங்கே பெண் குழந்தைகள் மிக அரியர்; தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை எட்டாதது. பிரம்பும் கோதண்டமும் அன்றாட நடப்பு. மேலும், அங்கே ஆங்கில ஸ்பெல்லிங் போன்ற ஒரு சிக்கலே இல்லை. நம் எழுத்துமுறையில் ஒலியும் வடிவும் பெரும்பாலும் கைகோத்துச் செல்கின்றன. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாததாலும், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெளிவாக இல்லாததாலும் வாசிப்போருக்குத்தான் தொல்லை. எழுதுவோருக்கு இருந்த தொல்லை மயங்கொலிகள் மட்டுமே. அரம், அறம், பணி, பனி, கிலி, கிளி, கிழி. ஆகவே மணல் ஆங்கிலத்துக்கு மருந்து என்று சொல்வதற்கில்லை. அங்கே அமைந்திருந்த கற்கும் வரிசையே கவனிக்கத்தக்கது: நினைவிலிருந்து எழுது, உடனே சரிபார், துடை, மீண்டும் எழுது.

கடல் கடந்து சென்றபோது இவ்வரிசை சிதைந்தது. மணலும் மாணவத் தலைவனும் கப்பலேறின. ஆனால் அங்கே மணல் கடைசி வகுப்பின் அகரவரிசையோடு நின்றுவிட்டது. ஸ்பெல்லிங் கற்பிக்க வேறு வழிகள் வகுக்கப்பட்டன. பெல்லின் பள்ளிகளில் மாணவர் வரிசையாக நிற்பர். ஒருவன் தவறினால், சரியாகச் சொன்னவன் அவனைத் தாண்டி மேலே சென்று நிற்பான். இலண்டனின் பரோ சாலையில் 1798இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் இன்னும் சிக்கனமானவர். ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பெரிய எழுத்தில் அட்டைகளாக்கிச் சுவரில் தொங்கவிட்டார். பிள்ளைகள் அரைவட்டமாக நின்று படித்தனர். ஒருவன் எழுந்து எழுத்துகளை ஒப்பிக்க மற்றவர் சும்மா இருப்பது வீண் என்று கருதி, மாணவத் தலைவன் ஒரு சொல்லைக் கூற, எல்லோரும் ஒரே நேரத்தில் சிலேட்டில் எழுதி உயர்த்திக் காட்டும்படி செய்தார். டிக்டேஷனின் தெளிவான முன்னோடி இது. இது நல்ல மாற்றந்தான். சும்மா நின்ற பிள்ளைகளும் எழுதினார்கள். ஆனால் திருத்துவது தலைவனின் வேலையாயிற்று. எழுதியவன் தன் பிழையைத் தானே தேடும் வாய்ப்பு மறைந்தது. லங்காஸ்டர் பிரம்பை வெறுத்தவர் என்று சொல்வார்கள். உண்மைதான். அதற்கு ஈடாகக் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுவதும், கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் அவர் பள்ளியில் இருந்தன. நம் கோதண்டத்துக்குத் தேம்ஸ் கரையில் ஓர் உடன்பிறப்பு.

அடுத்த திருப்பம் பணத்தால் வந்தது. 1862இல் இங்கிலாந்தில் இராபர்ட் லோவின் திருத்திய விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேர்வு செய்வார். குழந்தை தேறினால் பள்ளிக்குப் பணம், தவறினால் குறைப்பு. எழுத்துத் தேர்வின் மேல்நிலைகளில் ஆய்வாளர் வாசிக்கும் ஒரு வாக்கியத்தைப் பிழையின்றி எழுத வேண்டும். ஆசிரியரின் ஊதியமே அந்த வாக்கியத்தைச் சார்ந்திருந்தது. வரப்போகும் வாக்கியம் பெரும்பாலும் வகுப்பு நூலில் இருக்கும் என்பதால் நூல் முழுவதையும் மனப்பாடமாக்கிய பள்ளிகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கேற்ற மானிய முறை வந்தது. இங்கிலாந்தில் அம்முறை 1890களில் கைவிடப்பட்டது. மானியம் போன பிறகும் மனப்பாடம் போகவில்லை. குழந்தையின் பிழை யாரோ ஒரு பெரியவரின் இழப்பாக எண்ணப்படும் மனநிலை அன்று நம் வகுப்பறைக்குள் நுழைந்தது. வெள்ளிக்கிழமை மதிப்பெண்ணைக் கண்டு பெற்றோர் முகம் வாடுவதில் அதன் நிழல் இன்னும் தெரிகிறது.

அதே காலத்தில் மரக்கூழ்க் காகிதம் மலிந்தது. மணலும் சிலேட்டும் எழுதியதை அழித்துவிடும், நோட்டு அழிக்காது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. அழிகின்ற பரப்பில் பத்து முறை எழுதினாலும் அதற்குச் சான்று இல்லை. கற்றதைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. நோட்டில் உழைப்பே சான்றாகிறது. ஆசிரியர் கையெழுத்திடலாம், பெற்றோர் பார்க்கலாம், ஆய்வாளரிடம் காட்டலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளிலும் ஆங்கிலேயச் செல்வர் பள்ளிகளிலும் தவறு செய்த மாணவனுக்கு விதிக்கப்பட்ட எழுத்துத் தண்டனையின் பெயர் ‘இம்போசிஷன்’. இந்தியப் பள்ளிகளில் அப்பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் தண்டனை என்ற பொருளோடு பயிற்சி என்ற பொருளும் அதற்கு ஏறிக்கொண்டது. ஒரே செயல் திங்கட்கிழமை பாடமாகவும் வெள்ளிக்கிழமை தண்டனையாகவும் விதிக்கப்படுவதைக் குழந்தைகள் கவனிக்காமல் இருப்பதில்லை.

பலமுறை எழுதுவதால் பயன் உண்டா என்பதை முதன்முதலில் எண்ணிப் பார்த்தவர் ஒரு மருத்துவர். ஜோசப் மேயர் ரைஸ் நியூயார்க்கில் குழந்தை மருத்துவம் பார்த்துவந்தவர். அதை விட்டுவிட்டு ஜெர்மனி சென்று கல்வியியலும் உளவியலும் பயின்றார். திரும்பி வந்து ஏறத்தாழ 33,000 மாணவர்களுக்கு ஸ்பெல்லிங் தேர்வு வைத்து, 1897இல் முடிவை வெளியிட்டார். நாள்தோறும் நாற்பது, ஐம்பது நிமிடம் ஸ்பெல்லிங்குக்குச் செலவிட்ட பள்ளிகளின் மாணவர்கள், பத்து, பதினைந்து நிமிடம் செலவிட்ட பள்ளிகளின் மாணவர்களைவிடச் சிறந்து விளங்கவில்லை. செலவிட்ட நேரத்துக்கும் விளைவுக்கும் தொடர்பே காணப்படவில்லை. பள்ளி நிருவாகிகள் கொதித்தெழுந்தனர். குழந்தைகளின் கல்வியை எண்ணால் அளப்பதா என்று கேட்டார்கள்.

ரைஸுக்குப் பின் வந்தவர்கள் பட்டியலைச் சீர்செய்தனர். வெப்ஸ்டர் காலத்துச் சொற்பட்டியல்கள் அசையின் எண்ணிக்கையால் அடுக்கப்பட்டவை. குழந்தை வாழ்நாளில் ஒரு முறையும் எழுதாத சொற்கள் அவற்றில் நிறைந்திருந்தன. 1915இல் லியோனார்டு அயர்ஸ், மக்கள் உண்மையில் எழுதும் கடிதங்கள் முதலியவற்றிலிருந்து மிக அடிக்கடி வரும் 1,000 சொற்களைத் திரட்டினார். 84 நகரங்களில் ஏறத்தாழ 70,000 குழந்தைகளிடம் சோதித்து, எச்சொல் எவ்வகுப்புக்கு எவ்வளவு கடினம் என்று அளவிட்டார். ஐம்பதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து, நாம் எழுதுவதில் ஏறத்தாழப் பாதியை நிரப்பிவிடுகின்றன என்பது அவர் கண்டது. வாரந்தோறும் ஒரு சிறு பட்டியல் என்ற இன்றைய ஏற்பாடு உருப்பெற்ற காலம் ஏறத்தாழ இதுவே.

அந்த ஏற்பாட்டைச் செதுக்கியவர்களுள் முதன்மையானவர் அயோவா பல்கலைக்கழகத்தின் ஏர்னஸ்ட் ஹார்ன். அவருடைய திட்டத்தில் வாரம் தேர்வோடு தொடங்கும். படிப்பதற்கு முன்பே சொற்களைச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். குழந்தை தன் தாளைத் தானே பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்தும். சரியாக எழுதிய சொற்களுக்கு இனி வேலை இல்லை. தவறிய மூன்றோ நான்கோ சொற்கள்தாம் அவ்வாரத்துப் பாடம். நடுவில் ஒரு முறையும் இறுதியில் ஒரு முறையும் மீண்டும் தேர்வு. அவர் வழியில் தாமஸ் ஹார்ன் 1947இல் வெளியிட்ட ஆய்வு, இப்படித் தானே திருத்தும் தேர்வுதான் ஸ்பெல்லிங் கற்றலில் மிகப் பெரும் பங்கை ஆற்றுகிறது என்று காட்டியது. இந்திய வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் இறுதித் தேர்வு மட்டுமே. தொடக்கத் தேர்வும் தன்திருத்தமும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. மருந்துச் சீட்டில் இருந்த மூன்றில் ஒன்றை மட்டும் வாங்கிவந்த கதை.

ஏன் இவ்வாறு என்பதற்கும் விடை கிடைத்தது. 1917இல் ஆர்தர் கேட்ஸ், பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிடப் பாராமல் சொல்லிப்பார்ப்பதில் நேரத்தைச் செலவிட்ட பிள்ளைகள் அதிகம் நினைவில் வைத்தனர் என்று காட்டினார். 1939இல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் அயோவாவின் ஆறாம் வகுப்பு மாணவர் 3,605 பேரைக்கொண்டு, வாசித்த உடனே ஒரு தேர்வு எழுதியவர்கள் பல வாரங்களுக்குப் பின்னும் மறவாதிருந்தனர் என்று நிறுவினார். பார்த்து எழுதும்போது சொல் கண்ணிலிருந்து கைக்கு நேரே போய்விடுகிறது. நினைவிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. பட்டியலை மூடிவிட்டால் கேட்டே ஆக வேண்டும். அப்போது வரும் தயக்கமே கற்றல். சொல் முழுவதும் தவறுவதும் அரிது. பிப்ரவரியின் ஆங்கில வடிவத்தில் குழந்தைகள் விடுவது முதல் ‘ஆர்’ ஒன்றைத்தான். மற்ற எழுத்துகளைப் பத்து முறை எழுதுவது ஏற்கெனவே தெரிந்ததை எழுதுவது. தானே ஒப்பிட்டுப் பார்க்கும் குழந்தைக்குப் பிழையின் இடம் தெரிந்துவிடும். பிறர் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் பிழை இருப்பது மட்டும் தெரியும்.

குழந்தையின் பிழைக்கும் ஓர் அறிவு உண்டு என்பதை மொழியியல் பின்னர் எடுத்துரைத்தது. 1971இல் சார்லஸ் ரீட், பள்ளிக்குச் செல்லாத சிறுவர் தாமே உருவாக்கிய எழுத்துகளை ஆராய்ந்தார். புகைவண்டியைக் குறிக்கும் ‘டிரெயின்’ என்ற சொல்லைச் சில குழந்தைகள் ‘சி, எச்’ என்று தொடங்கின. ஆங்கிலேயர் வாயில் ‘ட்ர’ உண்மையில் ‘ச்ர’ போலவே ஒலிக்கிறது. பெரியவர்கள் கேட்க மறந்ததைக் குழந்தை கேட்டிருக்கிறது. இந்தியக் குழந்தையின் பிழை வேறு வகை. இங்கே குழந்தை அசையெழுத்தில் சிந்திக்கிறது. கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, அட்சரத் தொகுதி முழுவதையும் கைக்கொள்ளத் தொடக்கப் பள்ளி ஆண்டுகள் பலவும் தேவைப்படுகின்றன. அசையைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துணரும் திறன் மெல்லவே மலர்கிறது. அந்தப் பருவத்திலேயே, சொல்லை முற்றிலும் வேறு மூட்டுகளில் வெட்டும் ஆங்கிலமும் வந்து சேர்கிறது. தமிழ்க் குழந்தை ‘ஸ்கூல்’ என்பதற்கு முன் ஓர் ‘ஐ’ சேர்த்தால் அது கவனக்குறைவு அன்று. சொல்லின் தொடக்கத்தில் மெய்மயக்கம் வராத மொழியின் காது அது.

அந்தக் காதைப் பகையாக்காமல் பயன்படுத்தவும் வழி உண்டு; நம் வீடுகளில் பலர் அதை அறியாமலே செய்கிறார்கள். புதன்கிழமையின் ஆங்கிலப் பெயரை ‘வெட்-னெஸ்-டே’ என்று எழுத்தின்படி உச்சரித்து மனத்தில் இருத்துவது அதுவே. உச்சரிப்பு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எழுதுவதற்கு ஓர் உச்சரிப்பு, பேசுவதற்கு ஓர் உச்சரிப்பு என்று குழந்தைகள் பிரித்துக்கொள்கிறார்கள். லினியா எரி முதலிய ஆய்வாளர்கள் இம்முறை நினைவுக்கு உதவுவதைக் காட்டியிருக்கிறார்கள். மற்றொன்று, சொல்லை அதன் உறவினரோடு சேர்த்துக் காட்டுவது. கையொப்பம் என்ற பொருளில் வரும் ‘சைன்’ என்ற சொல்லில் ‘ஜி’ ஊமையாக நிற்கிறது. ‘சிக்னல்’ என்னும்போது அதே எழுத்து வாய் திறக்கிறது. ஆங்கில எழுத்து ஒலியை மட்டும் காட்டுவதன்று, சொற்குடும்பத்தையும் காட்டுவது என்பதைக் கரோல் சாம்ஸ்கி 1970இல் விளக்கினார். 1966இல் ஸ்டான்ஃபோர்டில் 17,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கணினியிடம் கொடுத்து, ஒலிவிதிகளை மட்டும் கொண்டு எழுதச் செய்தபோது ஏறத்தாழப் பாதிச் சொற்களைத்தான் அது சரியாக எழுதியது. எட்டு வயதுக் குழந்தை அந்தக் கணினியைவிட மோசமாக எழுதுவதில்லை.

இவ்வளவு வரலாறும் வந்து நிற்கும் இடம், ஆங்கிலம் அறியாத பெற்றோரின் வீடு. முதல் தலைமுறையாக ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் இன்று இந்தியா முழுவதும் கோடிக்கணக்கில் உள்ளனர். அவ்வீடுகளில் தாய்க்குத் தெரிந்த ஒரே உதவி நோட்டு நிரம்புகிறதா என்று பார்ப்பது. நிரம்பியும் மதிப்பெண் வரவில்லையெனில் குழந்தை மந்தம் என்ற முடிவுக்கு வருவாள். அல்லது மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து டியூஷனுக்கு அனுப்புவாள். அங்கும் அதே பத்து முறைதான். உதவும் தகுதி தனக்கு இல்லை என்ற எண்ணம் அவளைக் குழந்தையின் பக்கத்திலிருந்தே விலக்கிவிடுகிறது.

ஹார்ன் வகுத்த திட்டத்துக்கோ, இக்கேரிச் சிறுவரின் வழக்கத்துக்கோ, ஆங்கிலம் அறிந்த பெரியவர் ஒருவர் தேவையில்லை. குழந்தை ஒரு சொல்லைப் பார்க்கும், வாய்விட்டுச் சொல்லும், பட்டியலைக் கவிழ்த்துவைக்கும், சிலேட்டிலோ பழைய தாளின் பின்புறத்திலோ எழுதும். பிறகு பட்டியலைத் திருப்பி, எழுத்துக்கு எழுத்து விரல்வைத்து ஒப்பிடும். இரண்டு வடிவங்களும் ஒன்றா இல்லையா என்று பார்க்கத் தாய்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். வேறுபடும் இடத்தைக் குழந்தையே காட்டட்டும். அழித்துவிட்டு முழுச் சொல்லையும் மீண்டும் பாராமல் எழுதட்டும். திங்கட்கிழமை பத்துச் சொற்களில் ஆறு சரியாக வந்துவிட்டால் மிச்சம் நான்குதான். செவ்வாய்க்கிழமை அவற்றில் இரண்டு நிற்கும். புதன்கிழமை ஒரு சிறு இடைவெளி விட்டு, வியாழக்கிழமை பத்தையும் ஒரு முறை. நாளொன்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ரைஸின் கணக்கும் அதுதான். அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொல்ல ஒருவர் எழுதி, தாளை மாற்றிக்கொள்ளாமல் அவரவர் தாளை அவரவரே திருத்தலாம்.

பள்ளி கேட்கும் பத்து முறை நோட்டு என்ன ஆவது என்று பெற்றோர் கேட்பது நியாயமானது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கும். அப்படியானால் முதல் வரியை மட்டும் பார்த்து எழுதி, ஒவ்வொரு வரி முடிந்ததும் அதை ஓர் அட்டையால் மூடிவிட்டு அடுத்ததை எழுதச் சொல்லலாம். எழுத்துகளை மேலிருந்து கீழாக இறக்கும் வழி அப்போது அடைபட்டுவிடும்.